நம்பிக்கையால் வரும் நீதி: ஒரு சொல்லும் ஒரு காப்பியமும்

முன்னுரை

தமிழ் மாணவர்க்கு நீதி என்னும் சொல் முதலில் நூலாகவே அறிமுகமாகின்றது. கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை, உலகநீதி ஆகியன மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இன்றும் செய்யுட் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. இந்நூல்கள் உணர்த்தும் நீதி ஒருவன் செய்யவேண்டியவற்றையும் தவிர்க்கவேண்டியவற்றையும் வகுத்துரைப்பது. அவ்வாறு நடப்பவன் நல்லவன், நடவாதவன் தீயவன். நீதி என்பது செயலால் ஈட்டப்படும் ஒன்று என்னும் கருத்து இம்மரபின் அடித்தளம் எனலாம்.

இதே சொல்லைக் கிறித்தவத் தமிழ் முற்றிலும் வேறான ஓரிடத்தில் வைத்து வழங்குகின்றது. மனிதன் தன் செயல்களால் இறைவன் முன் நீதிமானாவதில்லை, நம்பிக்கையினாலேயே நீதிமானாகின்றான் என்பது பவுல் உரோமையர்க்கும் கலாத்தியர்க்கும் எழுதிய கடிதங்களின் மையக் கருத்தாகும். செயலைக் குறிக்கும் சொல்லே செயலால் எய்த இயலாத நிலையையும் குறிக்க நேர்ந்தமையால் தமிழில் ஒரு பொருள் முரண் தோன்றிற்று. அம்முரணின் தன்மையையும், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' அதனை எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்வாய்வு நம் நாட்டுத் தமிழர்க்கும் தொடர்புடையது. அம்பாங் முதல் கிள்ளான் வரை பரந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், லூத்தரன்கள் எனப் பல சபையினர் தமிழில் வழிபடுகின்றனர். பிரிக்பீல்ட்ஸின் சீயோன் லூத்தரன் பேராலயம் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் லூத்தரன் மரபில் தோன்றியது. ஒரே மொழி பேசும் இம்மக்கள் இக்கோட்பாட்டினை இருவேறு கலைச்சொற்களால் வாசிக்கின்றனர் என்பது தமிழாசிரியர் அறியவேண்டிய செய்தியாகும்.

இரு மரபுகளின் சந்திப்பு

இரு மரபுகளும் சந்தித்த இடம் தரங்கம்பாடி. 1706இல் அங்கு வந்திறங்கிய செருமானிய லூத்தரன் தொண்டர் பார்த்தலோமேயு சீகன்பால்கு, 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமன் மொழியில் பெயர்த்தார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே தமிழில் அச்சேறியது. முதலில் தமிழரின் நீதிநூல்களைச் செருமானியர்க்கு அறிமுகப்படுத்தியவரே பின்னர்ச் செயலால் நீதி வாராது எனக் கூறும் பவுலைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தினார் என்பது கருதத்தக்கது. தமிழரிடம் அறவுணர்வு இல்லை என்று அவர் எண்ணியிருப்பின் அந்நூல்களை மொழிபெயர்த்திருக்க வேண்டியதில்லை. அறமறியா மக்களை நோக்கியன்று, அறத்தை நன்கறிந்த மக்களை நோக்கியே இக்கோட்பாடு தமிழில் பேசத் தொடங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முரண் கிறித்தவப் புலவரிடையிலேயே வெளிப்படுகின்றது. கத்தோலிக்கரும் முன்சீபாகப் பணியாற்றியவருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தம் 'நீதிநூல்' என்னும் செய்யுள் நூலை 1859இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில், வைணவக் குடியிற் பிறந்து தமிழாசிரியராக விளங்கிய கிருஷ்ண பிள்ளை (1827–1900) சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஏறத்தாழ ஒரே வயதினரான இவ்விருவருள் ஒருவர் நீதி என்னும் சொல்லை நீதி இலக்கிய மரபின்படி ஒழுக்கம் என்னும் பொருளில் நூற்பெயராக்கினார். மற்றவர் ஒழுக்கத்தால் எய்த இயலாத நீதியைக் காப்பியப் பொருளாக்கினார். இருவரும் கிறித்தவரே, இருவர் தமிழும் நற்றமிழே. எனவே இம்முரணைத் தமிழ் மரபுக்கும் கிறித்தவ மரபுக்கும் இடையிலான பூசலாக மட்டும் கொள்வது பொருந்தாது.

'ஆக்கப்படுதல்' என்னும் சொல்லமைப்பு

சீர்திருத்தச் சபையாரிடம் நிலைபெற்ற பழைய மொழிபெயர்ப்பு, 'நீதிமானாக்கப்படுதல்' என்னும் தொடரைக் கையாளுகின்றது. இத்தொடரின் இலக்கணமே ஒரு நெடிய சமய வாதத்தைத் தன்னுள் அடக்கியுள்ளது. 'ஆக்கு' என்னும் வினை தமிழில் இருவகைப் பொருள் தரும். 'நீரைத் தூய்மையாக்கினர்' என்னுமிடத்து நீரின் தன்மையே மாறுகின்றது. 'அவரை அமைச்சராக்கினர்' என்னுமிடத்து அவருடைய இயல்பு மாறுவதில்லை. ஓர் அறிவிப்பினால் அவரது நிலையே மாறுகின்றது. அந்நிலைக்கேற்ப அவர் நடப்பது அதன்பின் நிகழவேண்டியது.

மனிதன் நீதிமானாக்கப்படுவது எவ்வகை ஆக்கம்? மார்ட்டின் லூத்தர் இதனை இரண்டாம் வகையாகக் கொண்டார். நீதிமன்றத்தில் நடுவர் ஒருவனைக் குற்றமற்றவன் எனத் தீர்ப்பளிப்பது போன்று, கிறித்துவின் நீதி மனிதனுடையதாக எண்ணப்படுகின்றது என்பது சீர்திருத்தத் திருச்சபையின் விளக்கம். உரோமையர் மூன்றாம் அதிகாரத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டுமே' என்னும் பொருளுடைய சொல்லை லூத்தர் தம் 1522ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் சேர்த்தமையும் இதன் பொருட்டே. இதற்கு மறுமொழியாக 1547இல் திரெந்து பொதுச்சங்கம், நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்பு மட்டுமன்று, அருளால் உள்ளம் புதுப்பிக்கப்படுதலும் ஆகும் என வரையறுத்தது. தமிழ்ச் சொல்லோ இவ்விரு பொருளுக்கும் இடம் தந்து நிற்கின்றது. இதனை மொழிபெயர்ப்பின் குறை என்று சிலர் கருதக்கூடும். மூல மொழியிலேயே வாதத்திற்குரியதாக இருந்த ஒன்றை வாதத்திற்குரியதாகவே தமிழில் நிறுத்தியமை அச்சொல்லின் சிறப்பு என்பதே பொருத்தமாகும்.

ஏற்புடைமை: பெற்றதும் இழந்ததும்

1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு, இவ்விடங்களில் 'ஏற்புடையவர்' என்னும் சொல்லை ஆண்டது. 'விசுவாசம்' என்பதற்கு ஈடாக 'நம்பிக்கை' என்பதைக் கொண்டது. பேச்சு வழக்கில் விசுவாசம் என்பது முதலாளியிடம் பணியாளன் காட்டும் பற்றினைக் குறிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டமையால் இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. 'ஏற்புடையவர்' என்பதும் தெளிவான தமிழ்ச்சொல். நீதிமன்றச் சாயலை நீக்கி, ஏற்பவருக்கும் ஏற்கப்படுபவருக்கும் இடையிலான உறவினை அது முன்வைக்கின்றது. எபிரேயச் சிந்தனையில் நீதி என்பது உடன்படிக்கை உறவுக்கு உண்மையாயிருத்தல் என்பதை நோக்க, இத்தேர்வு பொருத்தமுடையதே.

ஆயினும் இழப்பும் உண்டு. பழைய பெயர்ப்பில், ஏழைகளை ஒடுக்குவோரைக் கண்டித்து ஆமோசு முழங்குவதும் நீதியே. ஆபிரகாமுக்கு நம்பிக்கையால் எண்ணப்பட்டதும் நீதியே. ஒரே சொல் இரண்டிடத்தும் வருவதால், கடவுள் மனிதனை ஏற்பதற்கும் மனிதன் அயலானுக்கு நியாயம் செய்வதற்கும் தொடர்புண்டு என வாசகர் உணர வழியுண்டு. ஏற்புடைமை என்னும் சொல் பவுலின் கடிதங்களை விளக்கமாக்கும்போது, இறைவாக்கினரின் முழக்கத்தோடு அவற்றுக்குள்ள சொற்றொடர்பு மறைந்துவிடுகின்றது.

மலாய் அறிந்த நம் நாட்டு வாசகர்க்கு இதனை எளிதில் விளக்கும் ஓர் ஒப்பீடு உண்டு. இந்தோனேசிய மொழி விவிலியம் இக்கருத்தினை 'டிபெனார்கான்' என்னும் சொல்லால் குறிக்கின்றது. சரி, உண்மை எனப் பொருள்படும் 'பெனார்' என்பதிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குச் 'சரியானவராக்கப்படுதல்' என்பது நேர்ப்பொருள். நம் நாட்டு அறிவிப்புப் பலகைகளிலோ அதே சொல் 'அனுமதிக்கப்படுதல்' என்னும் பொருளில் வழங்குகின்றது. சமயக் கலைச்சொல் அன்றாட வழக்கின் பொருளிலிருந்து என்றும் தப்ப இயலாது என்பதற்கு இது சான்றாகும். கலைச்சொல்லால் மட்டும் தீராத இச்சிக்கலைக் கதையால் தீர்க்க முயன்றவர் கிருஷ்ண பிள்ளை.

காப்பியத்தின் திருப்புமுனை

1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலேயரான சான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக உரைநடை நூலின் தழுவலாகும். ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களாக அமைந்த இக்காப்பியத்தைக் கம்பரின் நடையோடு ஒப்பிட்டு, ஆசிரியரைக் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றுவது ஆய்வுலகில் பழகிப்போன மரபு. ஓசை, உவமை, வருணனை ஆகியவற்றில் இவ்வொப்பீடு பயனுடையதே. எனினும் இரு காப்பியங்களின் கதையியக்கமும் எதிரெதிர்த் திசையில் செல்வதை இவ்வொப்பீடு மறைத்துவிடுகின்றது.

இராமகாதையில் தலைவன் தொடக்கம் முதலே அறத்தின் வடிவம். அவ்வறம் இடர்களைக் கடந்து இறுதியில் வெல்கின்றது. பனியன் கதையின் தலைவனோ முதுகில் சுமையோடு அறிமுகமாகின்றான். அச்சுமையைத் தானே இறக்க அவனால் இயலவில்லை. ஒழுக்கம் எனப் பெயரிய ஊரில் சட்டம் என்பார் ஒருவர் வாழ்கின்றார், அவர் அதனை இறக்குவார் என உலகியல் அறிஞன் ஒருவன் வழிகாட்ட, அவ்வழி சென்றவன் அச்சத்திற்குள்ளாகின்றான். ஒழுக்கம் என்னும் ஊர் பயணியை வழிதவறச் செய்கின்றது என்பது நீதிநூல்களில் ஊறிய தமிழ் வாசகரைத் திடுக்கிடச் செய்யும் செய்தியாகும். பின்னர்ச் சிலுவையைக் கண்ட அளவில் சுமை தானே கழன்று விழுகின்றது. கந்தை களையப்பட்டுப் புத்தாடை அணிவிக்கப்படுகின்றது. அவ்வாடை அவன் நெய்ததன்று, அவனுக்குக் கொடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி நிகழுமிடமே கோட்பாட்டின் திறவுகோல். அது பயணத்தின் முடிவில் நிகழவில்லை. நகர வாயிலுக்கு நெடுந்தொலைவு முன்பே நிகழ்ந்துவிடுகின்றது. போரும் சிறையும் ஆறும் அதன் பின்னரே வருகின்றன. பயணி சுமை இறங்கும்பொருட்டு நடக்கவில்லை. சுமை இறங்கியமையால் நடக்கின்றான். நீதி வெற்றியின் பரிசாக அன்றி, பயணத்தின் முதலாக அமைகின்றது. இதற்கு மாறாக, அறியாமை என்னும் பாத்திரம் தன் நல்லொழுக்கத்தை நம்பி இறுதிவரை நடந்துவந்தும் வாயிலில் திருப்பி அனுப்பப்படுகின்றது. அவன் தீயவன் அல்லன் என்பதே அக்காட்சியின் கடுமை.

இக்கதையமைப்பைத் தமிழாக்கியபோது கிருஷ்ண பிள்ளைக்குத் துணைநின்றது நீதி இலக்கியமன்று, பக்தி இலக்கியமே. காப்பியத்தின் இடையிடையே அவர் அமைத்த தேவாரப் பதிகங்கள் இதற்குச் சான்று. அருள் செயலுக்கு முந்தியதா என்னும் வினா அவர் பிறந்த வைணவ மரபிலும் ஆழமாக வாதிக்கப்பட்டதாகும். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா அடியவன் என வடகலையாரும் தென்கலையாரும் வேறுபட்டனர். சரணடைதல் என்னும் கருத்தில் பழகிய செவிக்குச் செயலால் வாராத நீதி அந்நியமாக ஒலித்திராது. எனினும் இரண்டும் ஒன்றெனக் கொள்வதும் தவறு. பவுலிடத்தில் குற்றச்சாட்டும் தீர்ப்பும் உண்டு; அத்தீர்ப்பு வரலாற்றில் நிகழ்ந்த ஒரு மரணத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. பக்தியின் மொழியில் அக்கோட்பாட்டின் இனிமையைக் கிருஷ்ண பிள்ளையால் முழுமையாகக் கொணர முடிந்தது. அதன் நீதிமன்றக் கடுமையைக் கதையே சுமக்க வேண்டியதாயிற்று.

செயலுக்கு இடம் உண்டா?

இக்கோட்பாட்டின்மீது தமிழறிஞர் எழுப்பக்கூடிய முதன்மையான தடை ஒன்றுண்டு. நம்பினால் போதும் எனின் அறம் எதற்கு? இத்தடை புதியதன்று, பவுலே தம் கடிதத்தில் இதனை எழுப்பி மறுக்கின்றார். செயலற்ற நம்பிக்கை செத்தது என யாக்கோபின் திருமுகம் வற்புறுத்துகின்றது. 1999 அக்டோபர் 31 அன்று செருமனியின் ஆக்சுபர்க்கு நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மனிதன் தன் தகுதியால் அன்றி அருளாலேயே ஏற்கப்படுகின்றான் என்றும், நற்செயல்கள் அவ்வேற்பின் கனிகள் என்றும் அடிப்படையில் உடன்பட்டது. 2006இல் உலக மெதடிஸ்டு மன்றமும் இதனை ஏற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழில் வழிபடும் மேற்கூறிய மூன்று சபையினரின் உலக அமைப்புகளும் இன்று இவ்வடிப்படையில் ஒன்றுபட்டுள்ளன; அவர்தம் கலைச்சொற்கள் மட்டுமே வேறுபடுகின்றன.

ஆகவே இக்கோட்பாடு அறத்தை நீக்கவில்லை, அதன் இடத்தை மாற்றுகின்றது. நீதிநூல்களில் அறம் தகுதிக்கு வழி. இங்கோ அது நன்றியின் வெளிப்பாடு. இவ்வேறுபாடு வாழ்விலும் பொருளுடையது. தேர்ச்சியும் வருவாயும் நற்பெயரும் கொண்டே மனிதரை அளக்கும் சமுதாயத்தில் தவறியவனுக்குச் சொல்ல நீதிநூலிடம் அறிவுரை உண்டு, ஏற்பு இல்லை. அவன் திருந்துவதற்கு முன்னரே ஏற்கப்படக்கூடும் என்பது இக்கோட்பாடு சொல்லும் செய்தி.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பரின் எதிரொலியாக மட்டும் கற்பிப்பது அதன் உயிர்நிலையை விடுத்து உடலைக் காட்டுவதாகும். சுமை எங்கே இறங்குகின்றது, ஏன் அங்கே இறங்குகின்றது என்னும் வினாக்களோடு அதனைக் கற்பித்தல் வேண்டும். வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலையும் அதனோடு சேர்த்து வைத்துக் கற்பிப்பின், ஒரே நூற்றாண்டில் ஒரே சமயத்தைச் சார்ந்த இருவர் ஒரு சொல்லின் இரு கரைகளில் நின்றமையை மாணவர் உணர்வர். மொழிபெயர்ப்பில் 'நீதிமான்', 'ஏற்புடையவர்' ஆகிய இரண்டில் ஒன்றே சரியென முடிவு கட்டுவதினும் இரண்டையும் அருகருகே வாசிப்பது பயன்தரும். முன்னது நீதியின் கடுமையை நினைவூட்டுகின்றது. பின்னது உறவின் அணுக்கத்தை உணர்த்துகின்றது. பவுல் கூறியதன் முழுப்பொருளைப் பெறுவதற்குத் தமிழுக்கு இரண்டும் வேண்டும்.