உங்களுக்கு எந்தக் கவுண்டி?

மார்ச் 17 அன்று காலை பத்து மணிக்கு நியூயார்க் சப்வேயில் ஏறிப் பாருங்கள். பச்சைத் தொப்பி, பச்சைக் கண்ணாடி, கழுத்தில் பச்சை மணிமாலையுடன் கல்லூரிப் பிள்ளைகள் பெட்டி நிறைய நிற்பார்கள். சிலருக்கு அந்நேரத்திலேயே கால் தரையில் பாவாது. அவர்கள் பின்னால் மட்டும் போய்விடாதீர்கள். என் முதல் வருஷம் நான் போனேன். மிட்டவுனில் ஒரு பார் வாசலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, சாயம் கலந்த பச்சை பீரை பிளாஸ்டிக் தம்ளரில் வாங்கி, பாதியை யாரோ இடித்ததில் என் கோட்டின் மேலேயே கொட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக்ஸ் டே என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று இரண்டு வருஷம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

தப்பு என்னுடையது. ஒரு நாள் கூத்து என்று நினைத்துவிட்டேன். உண்மையில் அது மார்ச் முதல் வாரமே தொடங்கிவிடுகிறது, அதுவும் குவீன்ஸில். சன்னிசைட், உட்சைட் பகுதிகளில் 2000 முதல் ‘செயின்ட் பேட்ஸ் ஃபார் ஆல்’ என்று ஒரு சின்ன ஊர்வலம் நடக்கிறது. மன்ஹாட்டனில் நடக்கும் பெரிய ஊர்வலத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்களைத் தங்கள் பதாகையோடு நடக்க விடமாட்டோம் என்று பல வருஷம் பிடிவாதம் பிடித்தார்கள். அதற்குப் பதிலாகப் பிறந்தது இது. அங்கே தடை தளர்ந்தது 2015-ல்தான். சன்னிசைட்டிலோ ஐரிஷ் நடனப் பிள்ளைகளுக்குப் பின்னால் கொரிய மேளக்காரர்கள் வருவார்கள், அவர்கள் பின்னால் லத்தீன் அமெரிக்க நடனக் குழு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் தோது.

அந்தப் பக்கம் போனால் ஒரு சோடா ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர் ஆகிய நாலே சாமான்கள். அயர்லாந்தின் ஈரக் காற்றில் விளையும் கோதுமை மென்மையானது. ஈஸ்ட் போட்டால் சரியாக உப்பாது. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைத்துத் தூக்கும் ரொட்டி இது. மேலே கத்தியால் சிலுவை போலக் கீறியிருப்பார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், நடுப்பகுதி வேகவும் அந்தக் கீறல்தான் வழி. திராட்சை, சர்க்கரை போட்டது அமெரிக்கப் பழக்கம். அதைக் கேக் என்று நினைத்துச் சாப்பிட்டால் வருத்தமில்லை. சாதா ரொட்டியை அன்றைக்கே, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, பால் ஊற்றிய கடுஞ்சாயத் தேநீரோடு சாப்பிட வேண்டும். மறுநாள் அது கல். இந்த நாளுக்கென்று அமெரிக்காவில் சமைக்கும் கார்ன்ட் பீஃப், முட்டைக்கோஸ் பற்றி ஒரு வரி போதும்: அயர்லாந்தில் அந்த இடத்தில் இருந்தது பன்றி இறைச்சி. நியூயார்க் வந்தவர்கள் யூதர்களின் கறிக்கடையில் விலை மலிவாகக் கிடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சிக்கு மாறிக்கொண்டார்கள்.

அடுத்ததாக, ஊர்வலத்துக்கு முன்பே ஒரு மாலை, மன்ஹாட்டனின் தென்மேற்கு மூலையில் பேட்டரி பார்க் சிட்டிக்குப் போய்வாருங்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி, சரிவான ஒரு புல்மேடு. அதில் கூரையில்லாத ஒரு கல்வீடு. அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் நிஜமாகவே ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். சிற்பி பிரையன் டோல் வடிவமைத்து 2002-ல் திறக்கப்பட்ட ஐரிஷ் பஞ்ச நினைவிடம் இது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத பேர் கப்பலேறினார்கள்.

அந்த மேட்டில் ஏறும் முன் அதன் அளவைக் கவனியுங்கள்: கால் ஏக்கர். நம் கணக்கில் 25 சென்ட். 1847-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணக் கஞ்சி கிடையாது. நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கஞ்சி குடி, அல்லது நிலத்தோடு பட்டினி கிட. அந்தக் கால் ஏக்கரைத்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த மனைகளுக்கு நடுவில் களைச்செடியும் புல்லுமாக விட்டுவைத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் 32 கவுண்டிகளிலிருந்தும் வந்த கற்கள் ஆங்காங்கே கிடக்கும்; ஒவ்வொன்றிலும் கவுண்டியின் பெயர் வெட்டியிருக்கும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். இந்தப் பெயர்களை மனசில் போட்டுக்கொள்ளுங்கள், 17-ம் தேதி தேவைப்படும்.

பாட்டு கேட்கவும் 17-ம் தேதி சரிப்படாது. கூச்சலில் ஒன்றும் காதில் விழாது. வேறொரு நாள் இரவு, பிராங்ஸில் உட்லான் பக்கமோ குவீன்ஸில் உட்சைட் பக்கமோ, ‘செஷன்’ நடக்கும் பப் ஒன்றில் போய் உட்காருங்கள். மேடை, மைக் எதையும் தேடாதீர்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பிடில், புல்லாங்குழல், தகர விசில், அக்கார்டியன், போரான் என்ற கைப்பறை. நம்மைப் பார்த்து வாசிக்க மாட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முதலில் எல்லாம் ஒரே மெட்டாகத்தான் கேட்கும். தொடையில் விரலால் தட்டிப் பாருங்கள். தகிட தகிட என்று மூன்று மூன்றாக விழுந்தால் ஜிக். தகதிமி தகதிமி என்று ஓடினால் ரீல். தகிட மூன்று முறை வந்து சுற்று முடிந்தால் ஸ்லிப் ஜிக். கொஞ்சம் அசைந்து நடக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு மெட்டைப் பெரும்பாலும் மூன்று சுற்று வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் இன்னொன்றுக்குத் தாவுவார்கள். தாவுவதற்குச் சற்று முன் ஒருவர் புருவத்தைத் தூக்குவார், அல்லது ‘ஹப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்த நொடியைப் பிடித்துவிட்டால் பாதி ரசனை வந்துவிட்டது. யாராவது கண்ணை மூடித் தனியாகப் பாட ஆரம்பித்தால் மட்டும் தம்ளரைக்கூட மேசையில் வைக்காதீர்கள்.

இனி ஊர்வலம். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு 14 வருஷம் முன்பே, 1762 முதல் நடப்பது. அயர்லாந்தில் அப்போதும் அதற்குப் பிறகு வெகுகாலமும் மார்ச் 17 பூசைக்குப் போகும் நாள்தான். கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் அங்கே அன்று மதுக்கடையைத் திறக்கவே சட்டம் இடம் தரவில்லை. தெருவில் இறங்கி நடப்பது, ஊரைவிட்டு வந்தவர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம். காலை 11 மணிக்கு ஐந்தாம் அவென்யூவில் 44-ம் தெருவில் தொடங்கி 79-ம் தெருவில் முடியும். 17-ம் தேதி ஞாயிறாக அமைந்தால் முந்தைய நாள் சனிக்கிழமை நடக்கும், 2024-ல் நடந்ததுபோல. பச்சைத் தொப்பிகள் தெற்கே முண்டும். நீங்கள் 66-ம் தெருவுக்கு மேலே, சென்ட்ரல் பார்க் சுவரோரம் போய் நில்லுங்கள். கையுறை அவசியம், மார்ச் வெயிலை நம்பி ஏமாறாதீர்கள்.

இதில் அலங்கார ஊர்தி எதுவும் கிடையாது. எல்லோரும் நடந்துதான் வர வேண்டும். முதலில் நியூயார்க்கின் ஐரிஷ் படையான 69-வது காலாட்படை, கூடவே கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு ஐரிஷ் ஓநாய் வேட்டை நாய்கள். குடியேறிகளை வெறுத்தவர்கள் கலவரம் செய்வார்கள் என்ற பயத்தில் 1851-ல் இந்தப் படையை முன்னால் நடக்கவிட்டார்கள், அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. வீரர்களின் தொப்பியில் ஒரு பச்சிலைக் கொத்து செருகியிருக்கும். பலர் அதை அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் என்று நினைத்துவிடுவார்கள். ஷாம்ராக் மூவிலை. இது பாக்ஸ்வுட், 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் ஐரிஷ் வீரர்கள் செருகிக்கொண்டு போய் கொத்துக்கொத்தாக மடிந்த இலை.

பிறகு பைக்குழல் வாத்தியங்கள், போலீஸ், தீயணைப்புத் துறைகளில் உள்ள ஐரிஷ் வம்சாவளியினரின் எமரால்ட் சொசைட்டிக் குழுக்கள். தூரத்தில் வரும்போது மெட்டு கேட்காது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம்தான் முதலில் வந்து நெஞ்சில் உட்காரும். மெட்டு அதன் மேல் பிறகு ஏறிவரும். இந்தப் பைக்குழல் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது என்பது வேறு விஷயம். ஐரிஷ்காரர்களின் சொந்தக் குழல் உட்கார்ந்து, முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிப்பது. அதை வைத்துக்கொண்டு நடக்க முடியாது.

மத்தியானத்துக்குமேல் கவுண்டிச் சங்கங்கள் வரத் தொடங்கும்போது வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்துவிடுவார்கள். நான் அந்த நேரத்துக்காகத்தான் போகிறேன். கெர்ரி, கார்க், மேயோ என்று பதாகை வரும்போதெல்லாம் ஓரத்தில் எங்கோ ஒரு குரல் கிளம்பும். மூன்று வருஷம் முன்பு பூங்காச் சுவரோரப் பெஞ்சில் என் பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். உட்கார்ந்ததும் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். “அது தெரிகிறது. அதில் எந்தக் கவுண்டி?” தஞ்சாவூர் என்று சொன்னேன், தலையாட்டிக்கொண்டார். அவருடையது லைட்ரிம், அயர்லாந்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி. மற்றப் பதாகைகள் வரும்போது அவர் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லைட்ரிம் வந்தபோது பின்னால் முப்பது பேர் இருந்தால் அதிகம். அவர் எழுந்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை ஊர்ப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். வரிசையில் ஓர் ஆள் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். அம்மாள் தெர்மாஸை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னும் எத்தனையோ கவுண்டிகள் வரவேண்டியிருந்தன.