ஊஞ்சற்காலும் கட்டிட விதியும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தைச் சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டபடியால், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மண்ணும் மரமும் உறவுமுறையும் ஒன்றாகவே இருக்க, வீட்டையும் முற்றத்தையும் ஆளும் சட்டம் மாத்திரம் இரண்டாயிற்று. பாறசாலையில் கேரள ஊராட்சிக் கட்டிட விதிகளும், நெய்யாற்றின்கரைப் பட்டணத்தில் நகராட்சிக் கட்டிட விதிகளும் இன்று நடைமுறையில் உள்ளன. இரண்டும் 2019இல் புதிதாக இயற்றப்பெற்றவை.

வெள்ளையடித்தல், வர்ணம் பூசுதல், ஓடு மாற்றுதல் ஆகியவற்றைப் போலவே தோட்ட வேலைக்கும் அனுமதி வேண்டுவதில்லை என்று இவ்விதிகள் சலுகை தருகின்றன; ஆனால் ஸ்திரமான கட்டுமானம் எதுவும் அச்சலுகையில் அடங்காது. கட்டிடம் என்பதற்கோ, எப்பொருளால் எப்பயன் கருதி எழுப்பிய அமைப்பையும் உட்கொள்ளும் விரிந்த பொருள் கூறப்பட்டிருக்கிறது. ஆகவே, ஓணத்துக்குப் பலாக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஊஞ்சலைப் பற்றி எவருக்கும் சந்தேகம் எழாது. அந்தக் கிளை உளுத்துப்போனபின், பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, அதே இடத்தில் இரண்டு இரும்புக் குழாய்களைக் குழிதோண்டிக் கான்கிரீட்டில் ஊன்றினாலோ, அது தோட்டமா கட்டுமானமா என்னும் கேள்வி பிறந்துவிடுகிறது.

விதியின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. மூன்று சென்ட், நான்கு சென்ட் நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கும் இக்கிராமங்களில், விதி விடச்சொல்லும் எல்லையோரத்து வெற்றிடம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உரியது. மதிலை ஒட்டி ஆளுயரத்தில் ஒரு மேடை எழுந்தால், அடுத்த வீட்டுக் கிணற்றடியின் அந்தரங்கம் போய்விடும். இங்கிலாந்தில் கட்டுமான அனுமதி பற்றிய 2015ஆம் ஆண்டு ஆணையும் அண்டைவீட்டாரைக் கருதியே, 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மேடைக்கு அனுமதி வேண்டுமென்கிறது. ஆயினும் ஒரு பெரிய பேதம்: அங்கே வீட்டுக்காரர் அளவுநாடாவைக் கையில் பிடித்துத் தாமே விடை காணலாம், இங்கே ஸ்திரம் என்பதற்கு அளவு கூறப்படாமையால், விடை அதிகாரியின் அபிப்பிராயத்தைப் பொறுத்ததாகிறது. வழித்தகராறோ எல்லைத்தகராறோ உள்ள இடத்தில், புகார் எழுத நினைப்பவனுக்குக் குழந்தையின் ஊஞ்சல் ஓர் எளிய சாக்காகிவிடக்கூடும்.

இதனினும் கவலைக்குரிய குறை, எல்லையிலிருந்து தூரத்தை அளக்கும் விதி, குழந்தை விழக்கூடிய உயரத்தை அளக்கவில்லை என்பது. வீட்டு ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் ஐ.எஸ். 9873இன் நான்காம் பாகம் என்னும் இந்தியத் தரவிதி உண்டு. 2021 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் விளையாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம். ஆனால் ஊர்ப் பட்டறையில் சொல்லி வெல்டிங் செய்து வாங்கும் ஊஞ்சலை யார் சோதிக்கிறார்கள்? பூவார்க் கடற்கரையோரத்தில் உப்புக்காற்று முதலில் தின்பது, கொக்கியோடு உரசும் மேல்வளையத்தைத்தான். கீழே சங்கிலி பளபளவென்றிருக்க, மேலே அந்த ஒரு வளையம் ஈர்க்குச்சியளவாக இளைத்திருக்கும், அண்ணாந்து பார்த்தாலன்றித் தெரியாது.

300 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கே உரிமையாளரின் சுயசான்றை ஏற்று அனுமதி வழங்கும் அரசு, ஓர் ஊஞ்சற்கால் விஷயத்தில் அவரை நம்பத் தயங்கவேண்டியதில்லை. கூரையும் சுவரும் இல்லாத விளையாட்டு அமைப்பு, மேடையின் உயரம் இவ்வளவு, எல்லையிலிருந்து தூரம் இவ்வளவு என்று விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து, அடியில் மணல் பரப்புவதை நிபந்தனையாக்கினால் போதும். அதைச் செய்யும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை, மாநில அரசுக்கே உண்டு. எனினும் பாறசாலைக் கிராமசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றித் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை.