காண்ட்ஸ் ஹில் பாதாள ரயில் நிலையம்: மாஸ்கோ என்னும் அடைமொழி

காண்ட்ஸ் ஹில், கிழக்கு லண்டன் புறநகரான ரெட்பிரிட்ஜ் பகுதியில் உள்ள பாதாள ரயில் நிலையம். சென்ட்ரல் தடத்தைச் சேர்ந்தது. சார்லஸ் ஹோல்டன் (1875–1960) வடிவமைத்த இந்நிலையம் 1947 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. இதைப் பற்றி எழுதுவோர் பலரும் "மாஸ்கோ மெட்ரோவைப் பின்பற்றிக் கட்டப்பட்டது" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அந்த வரி பொய்யல்ல. ஆனால் நிலையத்தின் சிறப்பையும் குறையையும் அது ஒருசேர மறைத்துவிடுகிறது.

மாஸ்கோ மெட்ரோ 1935-இல் தொடங்கியது. அதைத் திட்டமிட்ட காலத்தில் சோவியத் பொறியாளர்களுக்கு லண்டன் பாதாள ரயில் நிர்வாகம் ஆலோசனை வழங்கியது. அதற்காக அந்நிர்வாகத்தின் தலைவர்களில் ஒருவரான ஃபிராங்க் பிக்குக்கு சோவியத் அரசு விருதும் அளித்தது. ஆகவே இதை ஒருவழி இரவல் என்று சொல்வதற்கில்லை. லண்டனின் அனுபவம் மாஸ்கோ சென்று, உருமாறித் திரும்பி வந்தது எனலாம்.

திரும்பி வந்தது எது என்பதே முக்கியம். லண்டனின் ஆழமான நிலையங்கள் பலவற்றில், நகரும் படிக்கட்டிலிருந்து இறங்கும் பயணி குறுகலான இணைப்பு வழிகளில் திரும்பித் திரும்பி நடந்துதான் நடைமேடையை அடைய வேண்டும். காண்ட்ஸ் ஹில்லில் படிக்கட்டின் அடியிலேயே வளைகூரையுடன் கூடிய நீண்ட கூடம் விரிகிறது. கூடத்தின் ஒரு பக்கம் நகருக்குள் செல்லும் ரயில், மறுபக்கம் வெளியே செல்லும் ரயில். இருபுறமும் தடித்த தூண்களுக்கு இடையிலான திறப்புகள் வழியே சில அடிகளில் நடைமேடையை அடைந்துவிடலாம். எந்தப் பக்கம் போவது என்பதை நின்று யோசிக்க இடம் இருக்கிறது. கூட்டம் ஒன்றையொன்று மோதாமல் பிரிகிறது. நிலத்தடியில் வழி தேடும் பதற்றத்தை அறிவிப்புப் பலகையால் அல்லாமல் கட்டிடத்தின் அமைப்பாலேயே தீர்த்திருக்கிறார் ஹோல்டன்.

மாஸ்கோவின் பளிங்கு, வெண்கலச் சிலை, சரவிளக்கு எதுவும் இங்கே இல்லை. வெளிர் நிற ஓடுகள் பதித்த சுவர்கள்தான். மணிக்கூண்டு அளவுக்குக்கூட ஆடம்பரம் கிடையாது. நடைமேடைக் கடிகாரங்களில் எண்களுக்குப் பதிலாகப் பாதாள ரயிலின் வட்டச் சின்னம் பதிக்கப்பட்டிருப்பது ஒன்றே விளையாட்டு. மாஸ்கோவின் முதல் நிலையங்கள் அரசின் பெருமையைப் பயணிக்குச் சொல்லக் கட்டப்பட்டவை. ஹோல்டன் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "லண்டனில் ஒரு மாஸ்கோ" என்ற அடைமொழி மறைப்பது இந்தத் தேர்வைத்தான்.

இடையில் ஒரு போர் வந்தது. 1935–40 விரிவாக்கத் திட்டத்தின் கீழ் தொடங்கிய பணி 1940-இல் நின்றது. ரயில் ஓடாத சுரங்கத்தை, இல்ஃபர்டில் இயங்கிய பிளெஸி நிறுவனம் 1942 முதல் 1945 வரை விமானப்படைக்கான கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையாகப் பயன்படுத்தியது. லேட்டன்ஸ்டோன் முதல் காண்ட்ஸ் ஹில் வரை நீண்ட இரட்டைச் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,000 பேர் வேலை செய்தனர், பெரும்பான்மையோர் பெண்கள். சுரங்கத்தின் நீளம் காரணமாகப் பொருள்களைக் கொண்டுசெல்ல உள்ளேயே சிறு ரயில் ஒன்றும் ஓடியது. பயணிகளுக்கு முன்பே தொழிலாளர்கள் இந்தச் சுரங்கங்களில் தங்கள் நாட்களைக் கழித்துவிட்டனர். நிலையத்தின் வரலாறு 1947-இல் தொடங்குவதாக எழுதுவது சரியன்று.

இனி குறை. ஹோல்டன் 1930-களில் கட்டிய சட்பரி டவுன், ஆர்னோஸ் குரோவ், சவுத்கேட் ஆகிய புறநகர் நிலையங்கள் தெருவிலிருந்தே அடையாளம் தெரியும். ஆர்னோஸ் குரோவின் வட்ட வடிவச் செங்கல் கூடம் அந்த ஊருக்கே முகம். காண்ட்ஸ் ஹில்லுக்குத் தரைக்கு மேல் கட்டிடமே இல்லை. பயணச்சீட்டுக் கூடம் வட்டச் சந்திப்பின் அடியில் இருக்கிறது. சந்திப்பைச் சுற்றியுள்ள பாதசாரிச் சுரங்க வழிகளில் இறங்கித்தான் அதை அடைய வேண்டும். 1920-களில் வந்த பெருஞ்சாலைக்கு மேல்தளம் முழுவதையும் கொடுத்துவிட்டு, நடப்பவரைக் கீழே அனுப்பிய திட்டம் இது. சாலையைக் கடக்காமல் பாதுகாப்பாக வர முடிகிறது என்பது உண்மை. ஆனால் இரவில் தனியாக வருபவருக்கு அந்த வழிகள் கீழுள்ள கூடம் தரும் நம்பிக்கையைத் தருவதில்லை. ஊரின் மிக நல்ல பொது அறையை, சீட்டு வாங்கி இறங்காத எவரும் பார்க்க முடியாது. இல்ஃபர்டு வட்டாரத்தில் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். அவர்களில் பலருக்கு காண்ட்ஸ் ஹில் என்றால் அந்த ரவுண்டானாதான்.

நடைமேடைக்கு இறங்க மின்தூக்கியும் கிடையாது. கூட்டத்தை இவ்வளவு கவனமாகப் பிரித்து அனுப்பும் கூடத்திற்குச் சக்கர நாற்காலியில் வருபவர் போய்ச் சேரவே முடியாது. அடுத்த நிலையமான நியூபரி பார்க்கில் ஆலிவர் ஹில் கட்டிய, செம்பு வேய்ந்த வளைகூரைப் பேருந்து நிழற்குடை 1949-இல் திறக்கப்பட்டது. அதுவும் வளைகூரைதான். ஆனால் சாலையோரத்தில், ரயில் ஏறாதவர் கண்ணிலும் படும்படி நிற்கிறது.