நாரையின் அலகில் ஒரு சந்து

படாளத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மேற்கே திரும்பினால் வேடந்தாங்கல் ஏரி. மழைக்குப் பின் நீர்க்கடம்ப மரங்களில் வந்து அடையும் பறவைகளில் நத்தைகுத்தி நாரையும் ஒன்று. இதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரியும். சந்தின் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரியும். போன பருவத்தில் படாளத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அழைத்துப்போய் இதை வரையச் சொன்னேன். ஞாயிறுதோறும் ஒரு திண்ணையில் அவர்களுக்குப் படம் போடக் கற்றுத் தருவதாகப் பேர். எல்லாத் தாள்களிலும் அலகு இறுக மூடியிருந்தது. தொலைநோக்கியில் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தார்கள். ஆனால் கை வரைந்தது 'அலகு' என்கிற சொல்லை. நாரையின் அலகை அல்ல.

நாரையை விட்டுவிடுங்கள், சந்தை மட்டும் வரையுங்கள் என்றேன். சந்துக்குப் பேர் கிடையாது. பேர் இல்லாததால் மனசு சும்மா இருந்தது. கண் வேலை செய்தது. மெலிந்த ஒரு புளியங்காய்போல ஏதோ ஒன்று தாளில் வந்தது. அதற்கு மேலும் கீழும் கோடு இழுத்தபோது அலகு வந்துவிட்டது. ஒரு சிறுமி தன் தாளையே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பயிற்சியை நான் கண்டுபிடிக்கவில்லை. பொருளை விட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரைவது, தாளைப் பாராமல் பொருளின் விளிம்பையே பார்த்து எறும்பு ஊரும் வேகத்தில் கோடு இழுப்பது, படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஐந்து சாம்பல் படிகளைப் பென்சிலால் பிரிப்பது - இவையெல்லாம் பழைய பாடங்கள். விளிம்புக் கோட்டுப் பயிற்சியை 1941-ல் வெளிவந்த நிக்கொலாய்டஸின் புத்தகம் முதல் பாடமாக வைக்கிறது. தலைகீழ்ப் படத்தைப் பரவலாக்கியது 1979-ல் வந்த பெட்டி எட்வர்ட்ஸின் புத்தகம். பௌஹௌஸில் க்ளே மாணவர்களுக்கு நடத்திய பாடம் 1925-ல் நூலாயிற்று. அதுவும் ஒரு புள்ளி நகர்ந்து கோடாவதிலிருந்துதான் தொடங்குகிறது. இவை அத்தனைக்கும் நோக்கம் ஒன்றே. பெயரைத் தள்ளிவிட்டுக் கண்ணைப் பார்க்கவைப்பது.

நம் வட்டத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 'டிராயிங் மாஸ்டர் சமாச்சாரம்' என்பார்கள். ஓவியர்களோடு நமக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஆதிமூலம் முதலானோர் சிறுபத்திரிகைகளுக்கு வரைந்து தந்தார்கள். நாமும் கோட்டின் லயம், அகத்தின் வெளிப்பாடு என்றெல்லாம் எழுதித் தள்ளினோம். காந்தி நூற்றாண்டான 1969-ல் ஆதிமூலம் வரைந்த காந்திக் கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள், அந்தத் தயங்காத கோடு எத்தனை கட்டுத் தாள்களைத் தின்றபின் வந்தது என்று கேட்கவில்லை. 1966-ல் பணிக்கரும் மற்றவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தபோது பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். இதை வறுமையின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பகலெல்லாம் துணியில் மெழுகுக் கோடு இழுத்த கை சாயங்காலம் வெறுங்கையாகவா இருந்திருக்கும்?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் முதல் கவலை கலை அல்ல, கைத்தொழில். அந்த வழியில் வந்த ஓவியப் பாடம் நம் பள்ளிக்கூடங்களில் பானை, பெட்டி, இலை என்று அச்சுப் படத்தைப் பார்த்து நகலெடுப்பதாகவும் பரீட்சையாகவும் உறைந்துபோயிற்று. ஹையர் கிரேட் தேறிய ஒருவரை எனக்குத் தெரியும். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. வாசலில் நிற்கும் முருங்கையை அவரால் வரைய முடியாது. முருங்கைக்கு அச்சுப் படம் இருந்ததில்லை.

அவரைப் பார்த்துச் சிரித்த எனக்கும் அது நேர்ந்தது. இரண்டு மாதம் கழித்துத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லா நாரையும் ஒரே நாரை. எல்லா அலகிலும் அந்தப் புளியங்காய். கூழைக்கடாவின் அலகில்கூட ஒரு பையன் சந்து வைத்திருந்தான். மூடிய அலகு என்கிற வாய்பாட்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்த அலகு என்கிற வாய்பாட்டை நட்டிருக்கிறேன். என் கண்ணைத்தான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இதற்கு அச்சுப் படமே தேவலை. அது தன்னைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

பயிற்சி வேண்டுமா, வேண்டாமா என்ற நம் பழைய சண்டை இங்கே உதவாது. மாமல்லபுரத்தில் முடிவுபெறாத குடைவரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரங்களின் ஓரத்தில் ஆழமாகக் காடி வெட்டி, நடுவில் நிற்கும் கட்டிகளைத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். ஒரு சிறுவனும் செய்யக்கூடிய அளவுக்கு எளிய முறை. பக்கத்திலேயே வேலை முடிந்த மண்டபத்தில் தூணையும் சிம்மத்தையும் பார்க்கலாம். அங்கே ஒரு சதுரமும் இல்லை. சதுரம் இல்லாமல் அந்தத் தூண் வந்திருக்காது. சதுரம் மிஞ்சியிருந்தால் தூண் வரவில்லை என்று அர்த்தம். பயிற்சி தெரிகிற இடம் வேலை நின்றுபோன இடம்.

கவிதைக்கு இதைப் பொருத்திப் பார்க்க அதிக தூரம் போகவேண்டாம். யாப்பைத் துறந்தோம். சரி. துறப்பதற்கு முன் கைவசம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? இன்று வருகிற கவிதைகளில் மழை, ஜன்னல், மரணம், பறவை எல்லாம் இறுக மூடிய அலகோடு வருகின்றன. கொஞ்சம் விவரமானவர்களிடம் ஒரே மாதிரியான சந்தோடு வருகின்றன. பார்த்து எழுதியவை எவை என்று கேட்டால் நமக்குள் மனஸ்தாபம் வரும். வரட்டும்.

திண்ணைக்கு வரும் ஒரு பெண்ணின் தாயார் கேட்டார்: "இத்தக் கத்துக்கினா என்னா சார் வேலை கெடைக்கும்?" பதில் சொல்லாமல் அவர் வாசலைப் பார்த்தேன். காலையில் போட்ட புள்ளிக் கோலம். ஒரு கோடும் திருத்தப்படவில்லை. கோலத்துக்கு ரப்பர் ஏது? நாளைக் காலையில் அழிந்துவிடும், மறுபடி போடுவார். அவரிடம் நான் கற்கவேண்டியது அதுதான் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் முந்தின வாரத்துத் தாள்களைக் கட்டி எடுத்து வைத்துவிடுகிறேன்; பார்க்கக் கொடுப்பதில்லை. நாரைகள் போய்விட்டன. வந்திருப்பது கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர். டீக்கடை முன்னால் நிற்கிறது. அதில் எங்கே பார்ப்பது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நானும் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன்.