ஆன்ம குரு யார் பக்கம்?

கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஆன்ம குரு என்றொருவர் உண்டு. மாணவன் மனசைத் திறந்து பேச வேண்டியது அவரிடம். அவரை நியமிப்பதோ சபை. அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

திருச்சிக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கி 1883-ல் இங்கு வந்தது தூய வளனார் கல்லூரி. 1890-களில் இங்கே மதம் மாறிய பார்ப்பன மாணவர்களுக்கு மேரீஸ் தோப்பில் தனியிடம் கொடுத்து, அவர்களின் சாதி ஆசாரம் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள் சேசு சபையார். ஆன்மாவைக் காக்க வந்தவர்கள் சாதியையும் சேர்த்துக் காத்தார்கள். தலித் கத்தோலிக்கருக்கோ அதே ஊரில், மேலப்புதூர் கல்லறையில் நடுச்சுவர். செத்தும் சேரிதான். அதை எதிர்த்து 2010-ல் போராட்டம் நடந்தது.

ஸ்ரீரங்கத்து ஏழு மதிலைப் பத்தி வகுப்பில் பேசுறது சுலபம், சாமி. சொந்தக் கல்லறைச் சுவரைப் பேசினா மேலிடம் முறைக்கும். பேசலேன்னா, விடுதியிலே இருக்கிற சேரிப் பையன் எந்த நம்பிக்கையில உங்ககிட்ட வருவான்? 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு' துறவு மடத்தை விட்டு வெளியேறியவரின் சாட்சியம். உள்ளேயே இருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்: ஆன்ம குரு தண்டிக்கிற குழுவில் உட்காரக் கூடாது. சாதியால் பட்ட அவமானத்தை ஒருவன் சொன்னால், 'ஜெபம் பண்ணு' என்று அனுப்பிவிடாமல் அவனோடு நிர்வாகத்தின் முன் போய் நிற்க வேண்டும்.