கலங்கல் நீர் காத்த மீன்

நீருக்குள் இருக்கும் மீனை அந்த நொடியிலேயே திரையில் காட்டும் நேரலை சோனாரை ஆதரிப்பவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: "மீன் கடித்தால்தானே மாட்டும்." அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஆறுகளில் வசந்தகாலக் கிராப்பி மீன்பிடிப்பைப் பற்றி யார் குறை சொன்னாலும் இதே பதில்தான் வருகிறது. மீன் கடிக்காமல் மாட்டாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எந்த மீன் கடிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே என் கேள்வி. அதற்கு இந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

வசந்தகாலத்தில் படகேறி கிராப்பி பிடிப்பதை நான் எதிர்க்கவில்லை. அலபாமாவின் கூசா ஆற்றை எடுத்துக்கொள்வோம். 1961இல் அணை கட்டி உருவான வைஸ் ஏரி, உலகின் கிராப்பித் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடம். தண்ணீரின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஆண் மீன்கள் கறுத்து, கரையோரப் புதர்களுக்கும் மூழ்கிக் கிடக்கும் மரங்களுக்கும் இடையே முட்டைக்கு இடம் துப்புரவாக்கிக் காவல் இருக்கும். தட்டையான ஒரு சிறு படகு, நீண்ட கோல், தக்கை, இரைக்குச் சிறு மீன் இருந்தால் போதும். பேரனும் தாத்தாவும் சேர்ந்து இரவுச் சாப்பாட்டுக்கு மீன் கொண்டுவரலாம். சினைக்காலத்தில் பிடிப்பதே பாவம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிராப்பி ஏராளமாக முட்டையிடும் மீன். ஓராண்டின் குஞ்சுகள் பிழைப்பதும் அழிவதும் தூண்டிலைவிட அந்த ஆண்டின் நீர்மட்டத்தையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

கருவியின் திறமையையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தது. லோரன்ஸும் ஹம்மின்பேர்டும் அடுத்தடுத்துத் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்தன. பழைய சோனார், படகு கடந்துவந்த நீரைத்தான் காட்டியது. நேரலை சோனார் படகுக்கு முன்னால் இருப்பதை அந்த நொடியிலேயே காட்டுகிறது. ஜிக் என்னும் செயற்கை இரை இறங்குவதும், மீன் அதைப் பார்த்து எழுவதும், மனம் மாறித் திரும்புவதும் திரையில் தெரிகின்றன. நடுநீரில் தொங்கும் கிராப்பிக் கூட்டங்களைப் பற்றி மீனவர்கள் ஊகித்துவந்த பலவற்றை இது கண்ணெதிரே காட்டிவிட்டது.

என் மறுப்பு இந்த நடுநீரைப் பற்றியதுதான். சினைப்பெட்டைகள் ஆண்களோடு கரைக்கு வருவதில்லை. ஓடை ஆற்றில் சேரும் வாயிலும், பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பிலும், அடித்தரையையும் தொடாமல் மேற்பரப்புக்கும் வராமல் அவை காத்திருக்கும். முட்டையிட மட்டும் கரையோரம் வந்துவிட்டு மறுபடி ஆழத்துக்குத் திரும்பிவிடும். அவை காத்திருக்கும் இடத்தில் புதர் கிடையாது, மரம் கிடையாது, மீனவன் குறிவைக்க ஓர் அடையாளமும் கிடையாது. வசந்த மழையில் கலங்கி ஓடும் ஆறு அவற்றை மூடி வைத்திருந்தது. எத்தனை கோல்களை விரித்துப் படகை நகர்த்தினாலும் அவற்றில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது.

சட்டமும் இந்த மறைவை நம்பித்தான் எழுதப்பட்டது. ஒருவர் ஒரு நாளில் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் 30, லூசியானாவில் 50 என்று நெடுங்காலமாக வரம்புகள் இருந்துவந்திருக்கின்றன. இவ்வளவு தாராளமான எண்களால் ஆறு வெறுமையாகாததற்குக் காரணம், பெரும்பாலான படகுகள் அந்த எண்ணை எட்டாமலே திரும்பியதுதான். தாளில் இருந்த வரம்பு 30. தண்ணீருக்குள் இருந்த வரம்பு அதைவிட மிகக் கடுமையானது, அதை வகுத்தது ஆறு. நேரலை சோனார் இந்த இரண்டாவது வரம்பை ஓசையில்லாமல் நீக்கிவிட்டது. எந்தச் சட்டமன்றமும் விவாதிக்காமல், எந்த வனவிலங்குத் துறையும் கையெழுத்திடாமல், கடையில் விற்ற ஒரு பெட்டி அந்த வேலையைச் செய்துவிட்டது.

எண்ணிக்கை கூடுவதைவிட எனக்குக் கவலை தருவது தேர்வு. தக்கையைப் போட்டுக் காத்திருப்பவனுக்குச் சிறியதும் பெரியதும் கலந்து மாட்டும். ஆறு கொடுத்ததை அவன் வாங்கிக்கொள்கிறான். திரையைப் பார்ப்பவன் சிறு புள்ளிகளை விட்டுவிட்டு, தனியாகத் தொங்கும் பெரும்புள்ளியைத் தேடிப் படகைத் திருப்புகிறான். சினைக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பெரும்புள்ளி பல நேரம் வயிறு நிறைந்த பெட்டை. உடல் பெருக்கப் பெருக்கச் சினையும் பெருகும். விளைச்சலில் விதைநெல்லை மட்டும் பொறுக்கிச் சமைக்கும் வீட்டை யாரும் சிக்கனமான வீடு என்று சொல்லமாட்டார்கள். வைஸ் ஏரியில் 10 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த விதி சிறியதைக் காக்கிறது, பெரியதைக் காக்க எந்த விதியும் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை, கலங்கல் நீர் அதைப் பார்த்துக்கொண்டது.

பிடித்தாலும் திரும்ப விட்டுவிடுகிறோமே என்கிறார்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் கிராப்பியின் காற்றுப்பை உப்பிவிடுகிறது. விட்டாலும் அது பல நேரம் கீழே போக முடியாமல் தத்தளிக்கும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்ச் சாகும். ஆழத்து மீனைத் துல்லியமாகக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு விடுவித்தலைப் பற்றிப் பேசுவது கைக்கு உதவாத வாதம்.

கான்சஸில் நடந்த ஆய்வையும் மேற்கோள் காட்டுகிறார்கள். சாதாரண மீனவர்களிடம் இந்தக் கருவியைக் கொடுத்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றது அது. மதிக்க வேண்டிய ஆய்வுதான். கருவி கைக்குப் புதிதாக இருப்பவர் எவ்வளவு பிடிப்பார் என்பதற்கு அது பதில் சொல்கிறது. பல பருவங்கள் பழகியவரும், நாள்தோறும் ஆட்களை ஏற்றிச்செல்லும் வழிகாட்டியும் ஆற்றை என்ன செய்வார்கள் என்பதற்குப் பதில் சொல்லவில்லை. கவலை அவர்களைப் பற்றியது.

மோட்டார் வந்தபோதும் மின்னணு வரைபடம் வந்தபோதும் இதே புலம்பல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவை மீனவனை இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கே போன பிறகு நீரின் நிறத்தையும் சுழியையும் காற்றையும் படித்துத்தான் அவன் மீனைக் கண்டாக வேண்டியிருந்தது. இந்தக் கருவி இடத்தோடு நிற்காமல் தனி மீனையே காட்டிவிடுகிறது. அதன் பிறகு படிப்பதற்கு ஆற்றில் எதுவும் மிச்சமில்லை.

பாஸ் மீன் போட்டிகளை நடத்துபவர்கள் விழித்துக்கொண்டுவிட்டார்கள். தேசியத் தொழில்முறை மீன்பிடி லீக் 2025 முதல் தன் போட்டிகளில் இதைத் தடைசெய்தது. மேஜர் லீக் ஃபிஷிங் தன் முதன்மைச் சுற்றில், ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. அங்கே வழக்கு போட்டியாளனுக்கும் போட்டியாளனுக்கும் இடையே, பரிசைப் பற்றியது. மனிதனுக்கும் மீனுக்கும் இடையிலான வழக்கை எடுத்துப் பேச ஆள் குறைவு.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆறுகளிலும் அவற்றின் அணைநீரிலும் நேரலை சோனாரை அணைத்துவைக்கச் சொல்லும் விதி வேண்டும். அதற்கு மனமில்லாத மாநிலங்கள், நாள்வரம்பைப் பாதியாக்கி, அதில் பெரிய மீன் இத்தனைதான் என்று கட்டட்டும். இதனால் யாருடைய படகும் கரையில் நிற்கப்போவதில்லை, யாருடைய தூண்டிலும் பறிபோகப்போவதில்லை. ஆறு மறைத்ததை நாம் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டோம் என்றால், ஆறு செய்துவந்த காவலை நாம்தான் செய்தாக வேண்டும்.