நண்பர்கள் பேசும் வரலாறு

ஹிப்ஹாப்புக்குப் பிறந்த தேதி உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதுதான் நோக்கம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடல் வெற்றி பெறும்வரை இந்தக் கலை பெரும்பாலும் பூங்காக்களிலும் சிறு அரங்குகளிலும் கைமாறிய கேசட்டுகளிலும்தான் வாழ்ந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் பெரும்பகுதி இன்றும் அங்கே இருந்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களுக்கோ வயதாகிவிட்டது. இந்த நினைவுகளைப் பதிவுசெய்யும் வேலையைக் கடந்த பதினைந்து ஆண்டுகளாக நேர்காணல் பாட்காஸ்ட்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கின்றன என்பதுதான் கேள்வி.

இந்த வடிவத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ‘காம்பாட் ஜாக்’ என்று அறியப்பட்ட ரெஜி ஒஸே. ஜே-ஸீ, டேமன் டாஷ் போன்றவர்களுக்கு வழக்கறிஞராக இருந்தவர்; ‘தி சோர்ஸ்’ இதழின் ஆசிரியர் பொறுப்பிலும் இருந்தவர். 2010இல் அவர் தொடங்கிய நிகழ்ச்சியில் ஒப்பந்தம், உரிமைத்தொகை, கூட்டாளிகளின் பிரிவு ஆகியவை பேசப்பட்டன. பாடகர்கள் மட்டுமல்லாமல், திரைக்குப் பின்னால் இருந்த மேலாளர்களும் தயாரிப்பாளர்களும் வாய்திறந்தார்கள். வானொலியில் ஒரு விருந்தினருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். புதிய ஆல்பத்தை விளம்பரம் செய்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இங்கே விற்க எதுவும் இல்லாதவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். 2017 டிசம்பரில் ஒஸே புற்றுநோயால் இறந்தபோது, அவர் எடுத்த பேட்டிகள் ஒரு தலைமுறையின் சாட்சியத் தொகுப்பாகியிருந்தன.

2016இல் தொடங்கிய ‘டிரிங்க் சாம்ப்ஸ்’ இந்த வடிவத்துக்கு வேறொரு முகம் கொடுத்தது. ராப்பர் நோரேயும் டிஜே ஈஎஃப்என்னும் நடத்தும் இந்த நிகழ்ச்சியில் மேசை நிறைய மதுப்புட்டிகள் இருக்கும். விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பார்கள். மூத்தவர்களை உயிரோடு இருக்கும்போதே கொண்டாட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அடுத்து ஒரு விளையாட்டு: இரண்டு பெயர்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், முடியாதவர் குடிக்க வேண்டும். விளையாட்டாகத் தோன்றினாலும், யார் யாரை மதித்தார், யாரிடமிருந்து கற்றார் என்பது இந்தத் தயக்கங்களில்தான் வெளிப்படுகிறது.

சக கலைஞரே கேள்வி கேட்பதன் பலனுக்கு ஓர் உதாரணம் போதும். ராப்பர் டாலிப் குவெலியின் ‘பீப்பிள்ஸ் பார்ட்டி’ நிகழ்ச்சியில், 2020 நவம்பரில் மற்றொரு ராப்பரான டிஎம்எக்ஸ் தன் பதினான்காம் வயதைப் பற்றிப் பேசினார். தனக்கு ராப் கலையில் வழிகாட்டியாக இருந்தவரே கோகைன் வகைப் போதைப்பொருள் கலந்த சுருட்டைத் தனக்குத் தெரியாமல் கொடுத்ததையும், அதில் தொடங்கிய அடிமைத்தனத்தையும் கலங்கியபடி சொன்னார். ஐந்து மாதங்களில், 2021 ஏப்ரல் 9 அன்று அவர் இறந்துபோனார். அந்தப் பேச்சு அவருடைய பாடல்களைக் கேட்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

ஆனால் வாயைத் திறக்க வைக்கும் அதே நட்புதான், கேட்க வேண்டிய கேள்வியையும் அடைத்துவிடுகிறது. 2022 அக்டோபரில் ‘டிரிங்க் சாம்ப்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்த ராப்பர் கான்யே வெஸ்ட் யூதர்கள் மீது வெறுப்பைக் கொட்டினார். போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்துக்கு ஃபென்டனில் என்ற போதைப்பொருள்தான் காரணம் என்றார். அது கொலை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அந்தப் பதிவு அப்படியே வெளியானது. கண்டனம் எழுந்த பிறகே நீக்கினார்கள். நோரே மன்னிப்புக் கேட்டார். விருந்தோம்பலுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் இடையே ஒரு கோடு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மிகைப்படுத்தல் இன்னொரு நோய். தன் பெருமை பாடுவது ராப்பின் மரபு. அந்தப் பழக்கம் பேட்டிக்கும் வந்துவிடுகிறது. 1996இல் லாஸ் வேகாஸில் ராப்பர் டூபாக் கொல்லப்பட்ட வழக்கில், 2023 செப்டம்பரில் ‘கீஃப் டி’ எனும் டுவேன் டேவிஸ் கைதானார். புத்தகத்திலும் கேமரா முன் கொடுத்த பேட்டிகளிலும் அந்தக் கொலை பற்றி அவரே சொன்னவற்றை அரசுத் தரப்பு ஆதாரமாகக் காட்டியது. பணத்துக்காகச் சொன்ன கதைகள் அவை என்பது அவர் தரப்பு வாதம். எது உண்மை என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் பார்வையாளர் எண்ணிக்கைக்காக இறந்தவர்களின் கதையைக் கிளறும் பேட்டியாளர்களுக்கு இதில் பங்கே இல்லையா?

யார் பேசவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளில் மேசையைச் சுற்றி அமர்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் அந்த முதல் விருந்தை ஏற்பாடு செய்தவர் ஒரு பெண். ‘ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன்’ குழுவின் ஷா-ராக் போன்றவர்கள் ஆரம்பம் முதலே மேடையில் இருந்தார்கள். கறுப்பினப் பெண்களை இந்தக் கலை நடத்திய விதத்தை நேராக விசாரித்தது என்பிஆர் வானொலியின் ‘லவுடர் தேன் எ ரயட்’ தொடரின் இரண்டாம் பருவம். ஆய்வும் சரிபார்ப்பும் கொண்ட அந்தத் தொடரை, 2023 ஆட்குறைப்பின்போது நிறுவனம் நிறுத்திவிட்டது. செலவு பிடிக்கும் உழைப்பு நின்றுபோகிறது. மலிவான அரட்டை தொடர்கிறது.

ஆக, இந்த பாட்காஸ்ட்கள் தருவது சாட்சியம். விலைமதிப்பற்றது, ஆனால் குறுக்கு விசாரணை செய்யப்படாதது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2002இலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2007இலும் ஹிப்ஹாப் காப்பகங்கள் தொடங்கப்பட்டன. பேட்டிகளின் எழுத்து வடிவத்தையும் தேதியையும் சேர்த்து இத்தகைய காப்பகங்களிடம் ஒப்படைப்பதை நிகழ்ச்சி நடத்துபவர்கள் வழக்கமாக்க வேண்டும். ஒரு நிறுவனம் பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடும் இடத்தில் மட்டும் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. ரசிகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது: ஒரே சம்பவத்தை இருவர் வாயிலாகவாவது கேட்காமல் எதையும் வரலாறு என்று நம்பாதீர்கள்.